வெளியூரில் கிறிஸ்துமஸ்: எந்த ஊர், எப்போது கிளம்புவது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரையாண்டு விடுமுறையும் கிறிஸ்துமஸும் ஒட்டி வருவதால், தமிழ்நாட்டில் பல குடும்பங்கள் இப்போது பண்டிகைக்கு வேறு ஊர் கிளம்புகின்றன. அப்படிக் கிளம்புகிறவர்கள் வருடாவருடம் கேட்கும் சந்தேகங்களை, அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் தந்திருக்கிறோம்.

"கிறிஸ்துமஸுக்கு எங்கயாவது போகணும், எந்த ஊர்னே முடிவு பண்ண முடியல. எங்கருந்து ஆரம்பிக்கிறது?"

ஊர்ப் பெயர்களை எழுதிப்போட்டுச் சீட்டு எடுக்காதீர்கள். 24-ஆம் தேதி இரவு பத்து மணியிலிருந்து மறுநாள் மதியச் சாப்பாடு வரை எங்கே இருக்கப்போகிறோம் என்பதை முதலில் தீர்மானியுங்கள். பண்டிகை என்பது அந்தப் பதினைந்து மணி நேரம்தான். அதற்கு முன்னும் பின்னும் நடப்பது சுற்றுலா. அதை நாலு நாள் தள்ளிக்கூட வைத்துக்கொள்ளலாம்.

மூன்று கேள்விக்குப் பதில் இருந்தால் ஊர் தானாக முடிவாகிவிடும். எந்தக் கோயிலில், எந்த மொழியில் வழிபாடு? தங்கும் அறையிலிருந்து கோயிலுக்கு நடந்தே போய்வர முடியுமா? விடிந்ததும் சாப்பிட என்ன வழி? பலருக்கும் கோணலாகிப்போவது இரண்டாவதில்தான். படத்தில் அழகாக இருக்கிறதென்று ஊருக்கு வெளியே 12, 15 கிலோமீட்டர் தள்ளி விடுதி எடுத்துவிடுவார்கள். பூசை முடிந்து இரவு ஒன்றரை மணிக்குக் கைக்குழந்தையோடு வெளியே வந்தால் ஆட்டோவே இருக்காது. சொந்த வண்டி இல்லையென்றால் கோயிலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அறை எடுங்கள், அறை சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.

"நாங்க சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை). போற ஊர்ல நடுராத்திரி ஆராதனை இருக்குமா?"

கத்தோலிக்கக் கோயில்களில் 24-ஆம் தேதி இரவு பதினொன்று, பதினொன்றரைக்கு முதலில் பாடல்கள், அடுத்துத் திருப்பலி. வானவர் கீதம் பாடும்போது மணி அடித்து, குழந்தை இயேசு சுரூபத்தைக் கொண்டுபோய்க் குடிலில் வைப்பார்கள். அதைப் பார்க்கத்தான் பிள்ளைகள் தூக்கத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பதினொன்றரைக்குப் பிறகு போனால் தூண் மறைவில் நிற்க வேண்டியிருக்கும்.

சி.எஸ்.ஐ. சபைகளில், அதிலும் நெல்லை, குமரிப் பக்கம், பெரும்பாலும் 25-ஆம் தேதி அதிகாலை ஆராதனைதான். நாலு மணி, நாலரை, ஐந்து என்று சபைக்குச் சபை மாறும். எனவே நீங்கள் 24 இரவு நன்றாகத் தூங்கி எழலாம். போகும் ஊரின் நேரத்தை டிசம்பர் 20 வாக்கில் அந்தக் கோயில் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். போன வருட நேரத்தை நம்பிப் போகவேண்டாம்.

"ரயில் டிக்கெட் எப்ப எடுக்கணும்? போன தடவை பார்க்கும்போதே வெயிட்டிங் லிஸ்ட் நூறைத் தாண்டிடுச்சு."

2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. டிசம்பர் 22 பயணத்துக்கு அக்டோபர் 23, 23-க்கு அக்டோபர் 24, 24-க்கு அக்டோபர் 25 காலை எட்டு மணிக்குப் பதிவு திறக்கும். திரும்புவதற்கும் அதே கணக்குதான்: டிசம்பர் 28-க்கு அக்டோபர் 29, ஜனவரி 1-க்கு நவம்பர் 2. தீபாவளிப் பரபரப்பில் இந்தத் தேதிகளைத் தவறவிடுகிறவர்கள் நிறைய. இன்றைக்கே கைப்பேசியில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள்.

60 நாள் என்பது ரயில் முதல் நிலையத்திலிருந்து கிளம்பும் தேதிக்கான கணக்கு. சென்னையில் 22 இரவு கிளம்பும் வண்டியில் 23 விடியற்காலை ஒரு மணிக்குத் திருச்சியில் ஏறுகிறீர்கள் என்றால், உங்களுக்கும் அக்டோபர் 23-தான். அக்டோபர் 24 காலையில் போய் உட்கார்ந்தால் முந்தின நாளே தீர்ந்திருக்கும். முன்பதிவுக் கணக்கில் ஆதார் சரிபார்ப்பை முன்கூட்டியே முடித்துவையுங்கள். பதிவு திறக்கும் நேரத்திலும் தட்காலிலும் அது இல்லாமல் இணையத்தில் எடுக்க முடியாது.

கிடைக்கவில்லையென்றால் மூன்று வழி உண்டு. அரசு விரைவுப் பேருந்துகளில் 90 நாள் முன்பே பதிவு செய்யலாம். தெற்கு ரயில்வே பண்டிகைச் சிறப்பு ரயில்களை அறிவிக்கும் வரை காத்திருக்கலாம், ஆனால் அறிவித்த காலையிலேயே எடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் தட்கால்: குளிர்சாதனப் பெட்டிக்கு முந்தின நாள் காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11. உறுதியான தட்கால் சீட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது. காத்திருப்புச் சீட்டை வைத்துக்கொண்டு படுக்கைப் பெட்டியில் ஏறிவிடலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

"வேளாங்கண்ணிக்குப் போகலாமா? செப்டம்பர் மாதிரி கூட்டம் இருக்குமோ?"

ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை வரும் கூட்டம் வேறு கணக்கு. கிறிஸ்துமஸுக்கு அவ்வளவு வராது. இருந்தாலும் 24 இரவு ஊர் நிரம்பிவிடும், புத்தாண்டு இரவும் அப்படியே. பேராலயத்துக்கு உள்ளேயே கொள்ளாத கூட்டம் என்பதால் இரவுத் திருப்பலியை எந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்று அன்று மாலையே கேட்டு, அந்த இடத்துக்கு ஒருமுறை நடந்துபார்த்துவிடுங்கள். பெரியவர்கள் இருந்தால் பத்து மணிக்கே போய் இடம் பிடிக்க வேண்டும்.

சென்னையிலிருந்து வருகிறவர்கள் காரைக்கால் செல்லும் கம்பன் எக்ஸ்பிரஸில் நாகப்பட்டினத்தில் இறங்கலாம். அங்கிருந்து வேளாங்கண்ணி ஏறக்குறைய 12 கி.மீ., டவுன் பஸ் உண்டு. தஞ்சாவூரில் இறங்கி, திருக்காட்டுப்பள்ளி அருகே உள்ள பூண்டி மாதா கோயிலையும் பார்த்துவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். கூடவே ஒரு நாள் இருந்தால் காரைக்கால் வழியாகத் தரங்கம்பாடி, ஏறக்குறைய 45 கி.மீ. 1706-இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் வந்து இறங்கிய ஊர். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718-இலிருந்து நிற்கிறது. கிறிஸ்துமஸ் வாரத்தில் போக இதைவிடப் பொருத்தமான இடம் அந்தக் கரையில் இல்லை என்போம்.

அறை எடுக்கும்போது ஒரு கேள்வியை மறக்காதீர்கள்: பகல் 12-க்குக் காலி செய்ய வேண்டுமா, நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரமா? 24-ஆம் தேதி காலை ஆறு மணிக்கு அறை எடுத்தவர், 24 மணி நேரக் கணக்கென்றால் 25 காலை ஆறுக்கே காலி செய்ய வேண்டும். பூசை முடிந்து படுக்க இரண்டாகும், நாலு மணி நேரத்தில் கதவைத் தட்டுவார்கள். இரண்டு நாள் வாடகையாகவே பேசி எடுங்கள்.

"டிசம்பர்ல மழை புயல்னு பயமா இருக்கு. கடலோரம் போகலாமா?"

பயம் நியாயமானது. வடகிழக்குப் பருவமழை கிறிஸ்துமஸ் நெருங்கும்போது தணிந்துகொண்டு வரும், ஆனால் முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. 2023 டிசம்பர் 17, 18-இல் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களில் கொட்டியதை மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், தண்டவாளத்தின் கீழே மண் அரித்துப்போனதால் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

அதற்காகப் போகாமல் இருக்க வேண்டியதில்லை. ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாக எடுங்கள், கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும். 24 காலையில் போய்ச் சேருகிற மாதிரி வைக்காமல் 23-ஆம் தேதியே சேர்ந்துவிடுங்கள், ஒரு நாள் தடங்கல் வந்தாலும் பண்டிகை கைவிட்டுப் போகாது. வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பை 18-ஆம் தேதியிலிருந்து தினமும் பாருங்கள். மீனவர்கள் கடலுக்குப் போகவேண்டாம் என்று எச்சரிக்கை வந்தால், நீங்களும் கடற்கரைத் திட்டத்தை மாற்றிக்கொள்வதுதான் சரி.

"தமிழ்நாட்டுல கிறிஸ்துமஸ் களை கட்டுற ஊர்னா எது?"

கன்னியாகுமரி மாவட்டம்தான். 2011 கணக்கெடுப்புப்படி அங்கே நூற்றுக்கு 47 பேர் வரை கிறிஸ்தவர்கள், தமிழ்நாட்டில் வேறெந்த மாவட்டத்திலும் இந்த அளவு இல்லை. நாகர்கோவில், தக்கலை, குளச்சல், மார்த்தாண்டம் என்று எந்த ரோட்டில் போனாலும் நட்சத்திரமும் குடிலும். வீட்டுக்கு வீடு கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக்கொண்டு கீதபவனி வருவது 22, 23-இலேயே முடிந்துவிடும் என்பதால், அதைப் பார்க்க ஆசைப்பட்டால் 21-ஆம் தேதிக்குள் சேர்ந்துவிட வேண்டும். 24 மதியம் வந்திறங்குகிறவர்கள் பாதிக் கிறிஸ்துமஸைத் தவறவிட்டவர்கள்.

கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழா டிசம்பர் 3-ஆம் தேதியோடு முடிந்திருக்கும். அதே கோயிலில்தான் தேவசகாயம் பிள்ளையின் கல்லறை. 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் கொல்லப்பட்ட அவருக்கு 2022 மே 15-இல் புனிதர் பட்டம் கிடைத்தது. சி.எஸ்.ஐ. குடும்பங்களுக்கு 1819-இல் அடிக்கல் நாட்டிய நாகர்கோவில் ஹோம் சர்ச். பலகாரத்துக்கு அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் கடைகளிலேயே கிடைக்கும். நல்ல முந்திரிக்கொத்து கைக்குக் கல்லு மாதிரி இருக்கும், கடித்தால் உள்ளே பாசிப்பயறும் வெல்லமும் பொலபொலவென்று உதிரும். மேல் மாவு மெத்தென்று இருந்தால் பழையது, வாங்காதீர்கள்.

ஆனால் கன்னியாகுமரி ஊருக்குள் அறை எடுக்கவேண்டாம். காரணம் சபரிமலை சீசன். மண்டல பூஜை டிசம்பர் 26 அல்லது 27-இல் வருவதால் மாலை போட்டவர்கள் போகும்போதும் வரும்போதும் குமரிக்கு வருவார்கள். பாறைக்குப் போகும் படகில் வரிசை மணிக்கணக்கில் நீளும். நாகர்கோவிலில் தங்கி, சுமார் 20 கி.மீ. தூரத்துக்கு ஒரு காலை நேரம் போய்வாருங்கள்.

"கூட்டமே வேண்டாம். அமைதியா, பழைய கோயில் இருக்கற ஊரா சொல்லுங்க."

பாளையங்கோட்டையில் தங்குங்கள். 1826-இல் கட்டிய ஊசிக்கோபுரம், அதாவது தூய திரித்துவ பேராலயம், அங்கேதான். அங்கிருந்து ஒரு கார் பேசினால் கால்டுவெல் கட்டி 1880-இல் பிரதிஷ்டையான இடையன்குடி ஆலயத்துக்கும், கடலைப் பார்த்தபடி மணல் குன்றின்மேல் நிற்கும் மணப்பாடு திருச்சிலுவைக் கோயிலுக்கும் ஒரே நாளில் போய்வரலாம். தங்கும் விடுதிகள் இந்தச் சிற்றூர்களில் அரிது. திருச்செந்தூரில் தங்கலாம் என்று நினைத்தால், மார்கழியில் அங்கே முருகன் கோயில் கூட்டம் இருப்பதை நினைவில் வையுங்கள்.

இந்த ஊர்களில் 25-ஆம் தேதி போனால் கோயில் நிரம்பியிருக்கும், வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளெல்லாம் வந்திருப்பார்கள். அது அவர்களுடைய வீட்டுப் பண்டிகை. பார்க்கப் போகிறவர்கள் 26, 27-இல் போனால், கோயிலைத் திறந்துகாட்டவும் நின்று பேசவும் ஆட்களுக்கு நேரம் இருக்கும்.

"ஊட்டி, கொடைக்கானல்? குளிர்ல கிறிஸ்துமஸ் நல்லா இருக்கும்ல?"

நன்றாகவே இருக்கும், ஆனால் மேலே ஏற இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. சொந்தக் கார், வாடகை வண்டி எல்லாவற்றுக்கும் இணையத்தில் பதிய வேண்டும், அரசுப் பேருந்தில் போனால் தேவையில்லை. வண்டி எண்ணை மாற்றிப்போட்டுவிட்டுச் சோதனைச்சாவடியில் நிற்கிறவர்கள் அதிகம். வாடகைக் கார் என்றால் கிளம்பும் காலையில், எந்த வண்டி வருகிறதென்று உறுதியான பிறகு பதியுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களையும் கீழேயே விட்டுவிடுங்கள்.

டிசம்பர் கடைசியில் ஊட்டியில் உறைபனி விழும். அதிகாலை ஆராதனைக்கு ஒரு ஸ்வெட்டர் போதாது. காதை மூடும் குல்லாவும் சாக்ஸும் வேண்டும், ஏனென்றால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கல் தரையில் உட்காரவும் நேரலாம். ஊட்டி ஸ்டீபன் ஆலயம் 1830-களின் தொடக்கத்தில் திறந்தது, அதன் மரத்தூண்களும் உத்திரங்களும் திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டண அரண்மனையிலிருந்து வந்தவை. மேட்டுப்பாளையம் மலை ரயிலை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள், இந்த மாதத்தில் மண்சரிவால் அடிக்கடி ரத்தாகும்.

"பாண்டிச்சேரியா, கோவாவா, கொச்சியா?"

மூன்றும் கிறிஸ்துமஸைவிடப் புத்தாண்டுக்குப் பெயர்போன ஊர்கள். கொச்சிக் கோட்டையில் கார்னிவல் டிசம்பர் கடைசி வாரம், பாப்பாஞ்சி என்ற கிழவன் உருவப்பொம்மையை எரிப்பது 31 நள்ளிரவு. கோவாவிலும் பாண்டியிலும் 28-க்கு மேல் அறை வாடகை எகிறும். எனவே 23-இல் போய் 27-இல் திரும்பிவிட்டால் ஊரும் அழகாக இருக்கும், பணமும் மிச்சம்.

தமிழில் பூசை வேண்டுமென்றால் பாண்டிதான். 1791-ஆம் வருடத்து ஜென்மராக்கினி மாதா பேராலயம், ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருதய ஆண்டவர் பசிலிக்கா, கடற்கரையோரம் கப்ஸ் கோயில் என்று மூன்றையும் நடந்தே பார்க்கலாம். மாலையில் கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள், பிள்ளைகளை நிம்மதியாக நடக்கவிடலாம். கோவாவில் வழிபாடு பெரும்பாலும் கொங்கணி, ஆங்கிலம். பெபிங்கா, தொதொல் போன்ற இனிப்புகளுக்காகவே போகலாம். கொச்சியில் மலையாளம். 1524-இல் இறந்த வாஸ்கோ ட காமாவை முதலில் புதைத்த பிரான்சிஸ் ஆலயம் அங்கே இருக்கிறது. கேரள ரயில்களில் மேலே சொன்ன ஐயப்பப் பக்தர் கூட்டம் இருக்கும் என்பதால், முதல் நாளே பதியாவிட்டால் கொச்சியை விட்டுவிடுங்கள்.

"பனி கொட்டுற ஊர்ல கிறிஸ்துமஸ் கொண்டாடணும்னு பிள்ளைங்க கேக்குறாங்க."

சிம்லா, மணாலியில் டிசம்பர் 25 அன்று பனி விழும் என்று யாரும் உறுதி தர முடியாது, பல வருடங்களில் ஜனவரிக்குத் தள்ளிப்போகும். பிள்ளைகளிடம் குளிர் உறுதி, பனி உறுதியில்லை என்று சொல்லிக் கூட்டிப்போங்கள். மிசோரம், நாகாலாந்து போக நினைப்பவர்கள் உள்நுழைவு அனுமதிச் சீட்டு முன்கூட்டியே வாங்க வேண்டும். மிசோரம் தலைநகர் ஐஸாலில் பண்டிகை நாளில் கடைகள் மூடியிருக்கும். ஊர் முழுக்கக் கோயிலில் இருக்கும்போது கடையில் யார் இருப்பார்கள்? சாப்பாட்டுக்கு விடுதியில் சொல்லிவைக்காமல் போகாதீர்கள்.

"25-ஆம் தேதி சாப்பாட்டுக்கு என்ன பண்றது? ஹோட்டல் திறந்திருக்குமா?"

ஐஸாலுக்குச் சொன்னது குமரி, நெல்லைச் சிற்றூர்களுக்கும் ஓரளவு பொருந்தும். உரிமையாளரும் சமையல்காரரும் பண்டிகை கொண்டாடப் போயிருப்பார்கள். மாவட்டத் தலைநகரங்களில் சைவ ஹோட்டல்கள் திறந்திருக்கும். பிரியாணிதான் வேண்டும் என்றால் 24 காலையிலேயே ஒரு கடையில் எத்தனை பேருக்கு என்று சொல்லி முன்பணம் கொடுத்துவிடுங்கள். பகல் ஒரு மணிக்குப் போனால் அண்டா காலியாக இருக்கும். அதிகாலை ஆராதனையோ நடுராத்திரிப் பூசையோ முடிந்து வந்ததும் வரும் பசி தனி. பிளாஸ்க்கில் காபி, ஒரு பாக்கெட் பன், வீட்டு முறுக்கு இவற்றைக் கையோடு வைத்திருங்கள்.

"நாங்க கிறிஸ்தவங்க இல்ல. குடில் பார்க்க, பாட்டு கேக்க ஆசை. உள்ள விடுவாங்களா?"

தாராளமாக வாருங்கள். பின் வரிசையில் உட்காருங்கள், எல்லோரும் எழும்போது எழுந்து நில்லுங்கள். வாசலில் செருப்புகள் கிடந்தால் நீங்களும் கழற்றுங்கள். கத்தோலிக்கத் திருப்பலியில் நன்மை, அதாவது புனித அப்பம், வாங்க வரிசை போகும்போது மட்டும் இடத்திலேயே இருங்கள். அது அந்தச் சபையில் திருமுழுக்கும் புதுநன்மையும் (முதல்முறை நன்மை) பெற்றவர்களுக்கு உரியது. பிரசாதம் மாதிரி எல்லோருக்கும் தருவது என்று நினைத்துக் கை நீட்டிவிட்டுச் சங்கடப்பட்டவர்கள் உண்டு. பூசை முடிந்ததும் குழந்தை இயேசு சுரூபத்தை முத்தி செய்ய (முத்தமிட) எல்லோரும் போகலாம், வாசலில் கேக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம்.

"26-ஆம் தேதியும் கடற்கரை ஊர்லதான் இருப்போம். அன்னைக்குக் காலைல பீச்சுக்குப் போகலாமா?"

2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி வந்த கரை அது. கிறிஸ்துமஸுக்கு வந்து மறுநாளும் தங்கியிருந்த யாத்ரீகர்கள் வேளாங்கண்ணியில் ஏராளமாக இறந்துபோனார்கள். நாகப்பட்டினம், கடலூர், குளச்சல் என்று கரை முழுக்க அன்றைக்கு ஊர்வலம், மெழுகுவர்த்தி, நினைவுத் திருப்பலி. கடலில் பாலும் பூவும் விடுவார்கள், பல ஊர்களில் படகு இறங்காது.

காலையில் நீச்சல், விளையாட்டு, பாட்டுப் போடுவது எதுவும் வேண்டாம். முடிந்தால் அந்த ஊர்வலத்தின் பின்னால் அமைதியாகப் போய், நினைவுத்தூணில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். அழுகிறவர்களைப் படம் எடுக்காதீர்கள். பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்று முந்தின இரவே சொல்லிவிட்டால், காலையில் கரையில் நின்று கேள்வி கேட்க மாட்டார்கள்.

"அப்பா அம்மா வரமாட்டேங்கறாங்க. அவங்கள விட்டுட்டுப் போக மனசு வரல. ஆனா லீவு அப்பத்தான் கிடைக்குது. என்ன செய்யலாம்?"

முதல் பதிலில் சொன்ன பதினைந்து மணி நேரத்தை ஊரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பூசையோ ஆராதனையோ அவர்களோடு, சாப்பாடு அவர்களோடு, அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பலகாரத் தட்டு கொடுத்துமுடித்து, 25 இரவு வண்டியில் கிளம்புங்கள். 23, 24-இல் இருக்கிற நெருக்கடி அந்த இரவில் இருக்காது. அந்தப் பயணத்துக்கு முன்பதிவு திறப்பது அக்டோபர் 26. புத்தாண்டு இரவுக்குள் திரும்பிவிட வேண்டுமென்றால் 30-ஆம் தேதி வண்டி பிடியுங்கள், அதற்கு அக்டோபர் 31.

வரமாட்டேன் என்பதற்குக் காரணம் பெரும்பாலும் கழிப்பறையும் படியும்தான், வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தரைத்தளத்தில் அறை, மேற்கத்தியக் கழிப்பறை, ரயிலில் கீழ்ப் படுக்கை என்று மூன்றையும் உறுதி செய்துவிட்டு இன்னொரு முறை கேட்டுப்பாருங்கள். கீழ்ப் படுக்கைக்கு 60 வயதான ஆண்கள், 45 வயதான பெண்கள் என்ற ஒதுக்கீட்டில் தனியாகவோ இருவராகவோ பதிய வேண்டும். குடும்பத்தோடு ஒரே சீட்டில் ஆறு பேராகப் போட்டால் அந்த ஒதுக்கீடு வராது.